எங்கை நடக்க வேணும்?

அந்தப் பெண்மணியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அவரை மேடையில் நிறுத்தி, பெயரோடு பெருமைகளையும் சேர்த்துச் சபையறியச் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு மனிதருடைய கால் எங்கள் வீட்டுக் கராஜ் வாசலில் கிடந்தது. அந்த அனுபவம் எனக்குப் போதும்.

சிட்னியில், மெரிலேண்ட்ஸில், எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு சிறு வீடு உண்டு. இந்த நாட்டில் அதைக் கிரானி ஃபிளாட் என்பார்கள். அதில் அவர் ஒன்பது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தார். இப்போது மெல்பேர்ணில், ட்ருகனினாவில், ஒருவருடைய பண்டகசாலையின் மூலையொன்றை இலவசமாகப் பெற்று, அங்கும் அதே வேலையைச் செய்கிறார். என் மனைவியுடன் தொலைபேசியில் பேசும்போது என்னையும் சுகம் விசாரிப்பதுண்டு.

வீடு பார்க்க வந்த அன்றே கராஜையும் பாவிக்கலாமோ என்று கேட்டார். வாகனத்துக்காக்கும் என்று நினைத்துச் சம்மதித்தேன். அவரிடம் வாகனமே இருக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை காலை பத்திரிகையோடு முன்விறாந்தையில் இருந்தபோது, ஊன்றுகோல்களோடு மூன்று பேர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தேன். கராஜின் உட்சுவரில், துணி காயப்போடும் கம்பியில், ஏழோ எட்டோ கால்கள் தொங்கின. சில முழங்காலுக்குக் கீழே, சில தொடையிலிருந்து. ஒன்றுக்குச் சப்பாத்தும் போட்டிருந்தது.

அவருடைய தொழில் செயற்கைக் கால் பொருத்துவது. வாரநாட்களில் ஓர் ஆஸ்பத்திரியில் அதற்குச் சம்பளம் வாங்கினார். சனிக்கிழமைகளில், தற்காலிக விசாவில் இருப்பதால் அரசாங்கத்தின் எந்த உதவிக்கும் உரித்தில்லாதவர்களுக்கு, கராஜில் சம்பளமில்லாமல் செய்தார்.

எனக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் கொழும்பில் வரித் திணைக்களத்தில் உதவி ஆணையாளராக இருந்தவன். சிட்னிக்கு வந்தபிறகு கணக்காளர் அலுவலகமொன்றில் இருபது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எங்கள் சங்கத்துக்கு இரண்டு தடவை தலைவராக இருந்தவன். என் வளவுக்குள் அனுமதியில்லாத வைத்தியசாலை நடக்கிறது என்று அயலவர் ஒருவர் நகரசபைக்கு ஒரு கடிதம் போட்டால் என்ன ஆகும்? இதை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு திருகாணியை வாயில் கவ்வியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அண்ணை, வைத்தியம் ஒண்டும் இல்லை. சப்பாத்துத் தைக்கிற ஆளை வளவுக்குள்ளை வைச்சிருக்கிறதெண்டு நினையுங்கோ. சப்பாத்துக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.”

என் மனைவி குசினி யன்னலுக்குள் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது.

காலிழந்த ஒருவர் முன்னால் வந்தால் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, எந்த ஊர், எந்த ஆண்டு, செல்லடியா மிதிவெடியா என்பதையே. நானும் கேட்டிருக்கிறேன். அவர் அதை ஒருவரிடமும் கேட்டு நான் காணவில்லை. வந்தவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அது குடித்து முடியும்வரை எதிரே பேசாமல் இருப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி. “எங்கை நடக்க வேணும்?” தமிழரிடம் தமிழில் கேட்பார். மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்பார். இரண்டும் தெரியாதவரிடம் மேசையில் இரண்டு விரல்களை நடக்கவிட்டு, கையை விரித்துப் புருவத்தை உயர்த்துவார்.

எல்லா இடத்துக்கும் என்றுதான் வருகிறவர்கள் சொல்வார்கள். அந்தப் பதிலை அவர் ஏற்றதில்லை. எல்லா இடம் என்று ஓர் இடம் இல்லை, நாளைக் காலையில் எழுந்தால் முதலில் எங்கே போவீர்கள் என்று திருப்பிக் கேட்பார். பஸ் தரிப்பிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடப் படலைவரை என்று ஒரு தாய் சொன்னார். அவர் அந்தத் தாயோடு பஸ்ஸில் போய் இறங்கி, அந்த ஏற்றத்தை நடந்து பார்த்து, நடைபாதையில் மரவேர் கிளம்பிய இடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்த பிறகே அச்செடுக்கப் பிளாஸ்டரைக் குழைத்தார்.

வன்னியிலிருந்து வந்த ஒருவர், வயது முப்பத்தைந்து இருக்கும், ஹெலன்ஸ்பர்க் கோயிலைச் சுற்றிவர வேண்டும் என்றார். கேட்க எளிதான விருப்பம். ஆனால் செயற்கைப் பாதம் சப்பாத்தின் குதியுயரத்துக்குத் தக்கதாகப் பொருத்தப்படுவது. சப்பாத்தைக் கழற்றினால் ஆள் பின்புறமாகச் சரிவார். அதனால்தான் அந்த வன்னிக்காரர் ஏழு ஆண்டுகளாகக் கோயில் வாசலிலே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். இவர் தக்கையைச் செதுக்கி, குதியின் கீழே ஒட்டி, தோல் நிறத்தில் பூசிக் கொடுத்தார். நான்தான் இருவரையும் காரில் ஹெலன்ஸ்பர்க்குக் கூட்டிப்போனேன். எனக்குத் தெரிந்த அடியார் ஒருவர் அதைக் கண்டுவிட்டு, செருப்போடு வீதி சுற்றலாமோ என்று என்னிடம் முறையிட்டார். எனக்கு முகம் கறுத்துப் போயிற்று. அவரோ அடியாரைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, “ஐயா, அது செருப்பில்லை, அவரின்ரை குதிக்கால். உங்கடையையும் கழட்டி வைச்சிட்டு வந்தால் இவரும் கழட்டுவார்” என்றார். அந்த வன்னிக்காரர் மூன்று முறை சுற்றினார். மூன்றாவது சுற்றில் அந்த அடியார் அவருக்குப் பின்னால் விபூதித் தட்டோடு நடந்துகொண்டிருந்தார்.

அவருக்கும் எனக்கும் உண்மையான பிணக்கு வரி விடயத்திலேதான் இருந்தது.

அவர் இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கா போய், அங்கேயே படித்து, அந்த நாட்டுப் பிரசை ஆனவர். அமெரிக்கப் பிரசை உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் அந்த நாட்டுக்கு வருமானக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அவருக்கு அங்கிருந்து ஒரு சிறிய ஓய்வூதியமும் வந்தது. ஆகவே வரியும் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வைகாசி மாதத்தில் அந்தப் படிவத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, நான் வாசிக்க அவர் நிரப்புவார். அவர் ஒரு சதமும் குறைக்க முயன்றதில்லை. ஆனால் படிவத்தோடு ஒரு கடிதத்தையும் மடித்து வைப்பார். அந்த ஆண்டில் தாம் கால் பொருத்தியவர்களில் எத்தனை பேர் அந்த நாட்டின் குண்டுகளால் கால் இழந்தவர்கள் என்று அதில் எழுதி, தாம் கட்டிய வரியிலே குண்டுக்குப் போனது எவ்வளவு, காலுக்குப் போனது எவ்வளவு என்று பணிவோடு கேட்டிருப்பார்.

வரிப் படிவத்தோடு கடிதம் வைப்பது ஒழுங்கீனம் என்று நான் சொன்னேன். அத்தோடு, வரிப்பணம் பொது நிதிக்குள் போனபின் அதற்கு முகம் கிடையாது, எந்த டொலர் எங்கே போயிற்று என்று கட்டியவர் கேட்க முடியாது, கட்டுவதோடு அவருடைய கடமையும் பொறுப்பும் முடிந்துவிடுகின்றன என்றும் விளக்கினேன். இது என் சொந்தக் கருத்தன்று. முப்பது ஆண்டுகள் வரி சேர்த்தவனின் பயிற்சி.

அவர் பேனையை மூடினார். “குண்டுக்கு ஒருக்காத்தான் காசு, அண்ணை. காலுக்கு ஆயுள் முழுக்க. நாலைஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். சின்னப் பிள்ளையெண்டால் வளர வளர மாத்த வேணும். போர் முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டு அவை போயிடுவினம். அதுக்கு வாங்கின கடனை இன்னும் பிறக்காத பிள்ளையள் கட்டும். இதையெல்லாம் ஒருத்தரும் கேக்கக் கூடாதோ?”

கேட்கலாம், ஆனால் பதில் வராது என்றேன். நான் சொன்னதுதான் நடந்தது. ஒரே ஓர் ஆண்டு மட்டும் அந்த அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. மனைவி அதைக் கையில் ஏந்திக்கொண்டு பின்வளவுக்கு ஓடினாள். அவர் சிறுதொகை கூடுதலாகக் கட்டிவிட்டாராம், அதற்கான காசோலை. இங்கே அதை மாற்ற வங்கி கேட்ட கட்டணம் காசோலையைவிடப் பெரிதாக இருந்தது. அவர் அதைக் கராஜ் சுவரில் ஊசியால் குத்திவைத்தார்.

ரஹீம் எங்கள் வளவுக்கு வந்தது அதற்கடுத்த ஆண்டு. ஆப்கானியர், ஐம்பது வயதைத் தொட்டவர். பத்து நிமிட நடையில் ஒன்றுவிட்ட சகோதரர் வைத்திருந்த ரொட்டிக் கடையில் வேலை செய்தார். ஊரிலும் ரொட்டி சுட்டவர்தான். அங்கே பக்கத்துக் கட்டடத்தைக் குறிவைத்து அமெரிக்க விமானமொன்று போட்ட குண்டில் இடது கால் பாதித் தொடையோடு போயிற்று. இந்த விபரம் நான் கேட்டு அறிந்தது. எங்கள் வாடகைக்காரரோ வழமைபோல எங்கே நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அடுப்பிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து அடுப்புக்கு என்றார் ரஹீம்.

அது உள்ளே நெருப்பு எரியும் பெரிய மண்ணடுப்பு. தட்டிய மாவை வெறுங்கையால் அதன் உட்சுவரில் அறைந்து ஒட்ட வேண்டும். அதற்கு இடுப்புவரை குனிய வேண்டும். அவர் கடைக்குப் போய், ரஹீமின் முதலாளியான அந்தச் சகோதரரிடம் ஏப்ரன் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு, தாமே நான்கு ரொட்டி ஒட்டிப் பார்த்தார். மூன்று நெருப்பில் விழுந்தன. குனியும்போது மடங்கிவிடாத முழங்கால் மூட்டு, மாவு சிந்திய தரையில் வழுக்காத பாதம், எஞ்சிய தொடையை ஏற்கும், அனலில் இளகாத கிண்ணம். அதைச் செய்து முடிக்க அவருக்குப் பதினைந்து சனிக்கிழமைகள் பிடித்தன. பிறகு ரஹீம் கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு இரண்டு நீள ரொட்டி கொண்டுவருவார். அவருடைய வருமான வரிப் படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் பின்வீட்டிலிருந்து வந்து அவர் குசினியில் என் மனைவியோடு இருந்து மரக்கறி வெட்டும்போது ஏதோ சொல்லி அழுதாராம். அவர் அமெரிக்காவில் இருபது ஆண்டுகள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியிலே கால் பொருத்தியவர். ஓர் இளம் சிப்பாயிடம் எங்கே நடக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மறுபடியும் அங்கேதான் என்று அவன் போர்முனையைச் சொல்லியிருக்கிறான். அவர் செய்து கொடுத்தார். அவன் அந்தக் காலோடு திரும்பிப் போனான். மனைவி இதை இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னாள். அவர் அழுததையும் சொல்லியிருக்க வேண்டும். என் காதில் விழுந்தது மற்றது: காலிழந்த ஒருவனை மறுபடி போர்க்களத்துக்கே அனுப்பக்கூடிய கைத்திறன்.

அவ்வாண்டு எங்கள் சங்கத்தின் ஒன்றுகூடலில் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று முன்மொழிந்தவன் நான். அவர் இரண்டு தடவை மறுத்தார். மனைவி கேட்டபோது இணங்கி, இரண்டு நிபந்தனைகள் வைத்தார். தம்மிடம் கால் பொருத்தியவர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். “அண்ணை, பேரை மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

எங்கள் சபைகளிலே அப்படி ஒருவரை அழைப்பதில்லை. படித்த கல்லூரி, பெற்ற பட்டம், வகித்த பதவி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னபின்பே பொன்னாடையை விரிப்போம். பெயரை மட்டும் சொல்லி ஒருவரை மேடையேற்றினால், சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர் என்று சபை நினைக்கும். அவருடைய மதிப்பைக் காப்பது என் கடமை என்று எண்ணினேன். நான்கு பக்கம் எழுதினேன். முன்வரிசையில் இருந்த வேற்றுமொழியினருக்கும் விளங்க வேண்டுமென்று முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி வாசித்தேன்.

அமெரிக்கப் படையினருக்கு இருபது ஆண்டு சேவை என்றபோது கைதட்டினார்கள். அந்தச் சிப்பாயைப் பற்றி, இவருடைய கைவண்ணத்தால் அவன் மீண்டும் ஆப்கானிஸ்தான் களத்தில் காலூன்றி நின்றான் என்று வாசித்தபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினேன். ரஹீம் எழுந்துவிட்டார். கதிரைகளுக்கிடையே பக்கவாட்டில் நகர்ந்து, அவர் செய்து கொடுத்த அதே காலில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசலைக் கடந்து போனார். மேடையோரத்தில் நின்ற அவர் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்தியபோது தோள் அசையவில்லை.

மறுநாள் காலையில் கராஜ் வாசலில் ஒரு மாவுச் சாக்கு இருந்தது. உள்ளே அந்தக் கால், துடைத்துச் சுத்தமாக.

அந்தக் கிழமை ரொட்டி வரவில்லை. வியாழக்கிழமை மனைவி கடைக்குப் போய் வந்து சொன்னாள்: ரஹீம் ஊன்றுகோலை வைத்துவிட்டு ஒற்றைக்காலில் நின்று, இடுப்பை அடுப்பில் சாய்த்துக்கொண்டு வேலை செய்கிறார், முழங்கைவரை சுட்டுக் கொப்பளித்திருக்கிறது. இன்னொரு முறை சரிந்தால் உள்ளேதான் விழுவார் என்று முதலாளி பயந்து, திங்கட்கிழமையிலிருந்து வேறொருவரை அடுப்புக்கு ஒழுங்கு செய்துவிட்டார். ரஹீமுக்கு வேலை போனால் அவருடைய விசாவில் வேறு எந்த உதவியும் கிடையாது.

பிழை என்னுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த பரிகாரம் எழுத்துதான். வெள்ளிக்கிழமை முழுவதும் இருந்து, அவர் சார்பில் ரஹீமுக்கு ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தேன். அவர் ஆயுதம் தொட்டவரல்லர், மருத்துவப் பணியாளர் மட்டுமே, அரசாங்கத்தின் முடிவுகளுக்கு எவ்விதத்திலும் பொறுப்பாளியல்லர் என்று மூன்று பந்திகள். சனிக்கிழமை காலை கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் அதை நின்றபடியே வாசித்தார். நல்ல ஆங்கிலம் என்றார். பிறகு அதை மடித்து என்னிடமே தந்து, சாக்கைத் தூக்கிக்கொண்டு, காரில் கொண்டுபோய் விடுவீர்களா என்று கேட்டார். நான் உள்ளே போய்க் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்துகொண்டு வந்தேன்.

வழியில், சந்தியிலே சிவப்பு விளக்குக்கு நின்றபோது, அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:

“அண்ணை, நீங்கள் கொழும்பிலை சேத்த காசு எங்கை போனது?”

கோபத்தோடு கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பல ஆண்டுப் பழக்கத்தில் அவர் கேட்கும் தொனி எனக்குத் தெரியும். கால் பொருத்த வந்தவரிடம் பேசும் அதே தொனிதான். பச்சை விழுந்தது. நான் காரை எடுத்தேன்.

கடையில் வாடிக்கையாளர் எவரும் இல்லை. என் மனைவி சொன்ன கோலத்திலேயே ரஹீம் அடுப்போடு சாய்ந்து நின்றார். எங்களைக் கண்டும் வேலையை நிறுத்தவில்லை. இனி அங்கே பேசப்பட்டது முழுவதும் ஆங்கிலம், ரஹீமுடையது உடைந்த ஆங்கிலம். அதை என் தமிழில் தருகிறேன்.

அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். “மேடையில் இவர் வாசித்தது உண்மை. ஒன்றை வாசிக்கவில்லை. நான் அந்த நாட்டுக்கு வரி கட்டியவள். இன்றைக்கும் கட்டுகிறேன். உங்கள் காலை எடுத்த குண்டில் என் காசும் இருந்தது.”

கையிலிருந்த கடிதத்தை நான் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். அவரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிக்க நான் எழுதிய மூன்று பந்திகளையும் அவர் மூன்று வசனத்தில் அழித்துவிட்டார்.

ரஹீம் ஒரு ரொட்டியை ஒட்டினார். பிறகு, அந்தச் சிப்பாய் உயிரோடு திரும்பி வந்தானா என்று கேட்டார்.

தெரியாது என்றார் அவர். கேட்கப் பயந்து அந்த வேலையையே விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்ததாகச் சொன்னார்.

“அப்படியென்றால் எனக்குக் கால் செய்தது உன் பாவத்தைக் கழிக்கவா?”

அவர் சிறிது யோசித்தார். யோசிக்காமலே, “இல்லை” என்று சொல்லிவிடக் கூடாதா என்று என் மனம் பதைத்தது. “இங்கே வந்து முதலில் செய்த காலுக்கு அப்படித்தான் நினைத்தேன்” என்றார். “உங்களுடையது அதற்கு எவ்வளவோ பிறகு. அதற்குள் எனக்கு வேலை பிடித்துப் போயிற்று.”

ரஹீமின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, என் கழுத்துப்பட்டியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பெரியவர் முன்பு என்ன வேலை செய்தவர் என்று கேட்டார்.

எவர் கேட்டாலும் பதவியின் முழுப்பெயரைச் சொல்வது என் வழக்கம். அன்று நாக்கில் அது வரவில்லை. “வரி சேர்த்தேன்” என்றேன். “என் நாட்டு அரசாங்கத்துக்கு. அந்தக் காசில் வாங்கிய விமானங்கள் நான் பிறந்த ஊரின் மேல் குண்டு போட்டன. அது தெரிந்தும் அடுத்த மாதமும் சேர்த்தேன்.” இதை நான் அதற்குமுன் எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் இல்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கியதை முடிக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கே வந்தபிறகு இந்த நாட்டுக்குக் கட்டினேன், இந்த நாடும் உங்கள் நாட்டுக்குப் படை அனுப்பியது என்றும் சொன்னேன்.

ரஹீம் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். மாவுக்கையால் தன் நெஞ்சைத் தொட்டார்.

“இந்த நாட்டுக்குப் போன வருடம் நானும் கட்டினேனே” என்றார். “நீதானே படிவம் நிரப்பித் தந்தாய். ஒரு சதம்கூட விடாமல்.”

நான் தலையசைத்தேன். ரஹீம் சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல், பிறகு அடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவர் சிரிக்கவும் இவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் மூவருக்கும் அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்றைக்கும் என்னால் எடுத்துச் சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்கியதும் ரஹீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு முதலாளியைப்போல அவரிடம் சொன்னார். “அதன் முழங்கால் ஒரு மாதமாகச் சத்தம் போடுகிறது. சொன்னால் மனம் நோவாய் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். சரியாகச் செய்து தா.”

அவர் சாக்கிலிருந்து காலை எடுத்தார். ரஹீமை ஒரு மாவு மூட்டையின் மேல் இருத்தி, தொடைக்குத் துணியுறையைப் போட்டு, கிண்ணத்துக்குள் எஞ்சிய தொடையை அமர்த்தினார். பிறகு பையிலிருந்து ஒரு திருகாணிச் சாவியை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணை, பாதத்தை ஒருக்கா இறுக்கிப் பிடியுங்கோ. திரும்பாமல்.”

நான் கோட்டைக் கழற்றவில்லை. மாவு படிந்த அந்தத் தரையில் முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும் அந்தப் பாதத்தைப் பிடித்தேன். அவர் மூட்டைத் திருகினார். எழுந்து நின்று பாருங்கள் என்றார். ரஹீம் என் தோளில் கையூன்றி எழுந்தார். அவருடைய பாரம் முதலில் என் தோளில் இருந்தது. பிறகு கொஞ்சங்கொஞ்சமாக அது கீழே இறங்கி, என் விரல்களுக்கிடையே அந்தப் பாதத்துக்குள் வந்து சேர்ந்ததை நான் உணர்ந்தேன். ஒரு முழு மனிதரின் பாரம்.

அப்போது கருகும் மணம் வந்தது. பேச்சில் நாங்கள் எல்லாருமே மறந்துபோயிருந்த ரொட்டி.

ரஹீம் தன் மொழியில் ஏதோ சொல்லி, என் கைகளிலிருந்து காலை உருவிக்கொண்டு அடுப்புக்கு நடந்தார். திருகாணி இன்னும் இறுகவில்லை, பொறுங்கள் என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். ரஹீம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காலும் நிலத்தில் பதிய, இடுப்புவரை உள்ளே குனிந்து, கருகிய ரொட்டியைக் கொக்கியால் கிளப்பி வெளியே எடுத்தார். அதை இரண்டாகப் பிய்த்து, எங்கள் இருவருக்கும் என்று மேசையின் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த மாவைத் தட்டத் தொடங்கினார்.